பாயில் கிடந்த கம்ப்யூட்டர்

"யா அல்லாஹ்! என் மவன் துபாயில மாடா உழைச்சு வாங்கியாந்ததை இப்படி அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சுப் போட்டுட்டாங்களே!"

பாத்திமா பீவியின் கூச்சல் கேட்டு லப்பைக்குடிகாட்டில் அந்தத் தெருப் பெண்களெல்லாம் ஓடிவந்தார்கள். வந்தவர்களுக்கும் மூச்சு நின்றுவிட்டது.

மகன் மதார் லீவில் வந்தபோது கொண்டுவந்த கம்ப்யூட்டர் பாயில் மல்லாந்து கிடந்தது. மூடி ஒரு பக்கம், திருகாணிகள் ஒரு பக்கம். நடுவில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக மருமகள் ஜைனம்பு.

1986-ல் பெரம்பலூர் ஆபீசர்களே கண்ணால் பார்க்காத சாமான் அது. பாத்திமா பீவி அதற்கு ஜரிகைத் துணி போர்த்தி, வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி வேறு காட்டிவந்தாள். மகன் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்பதற்கு ஊருக்குக் காட்ட அதுதானே அத்தாட்சி!

"யாருடி கழட்டினது?"

"நான்தான் மாமி. உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம்னு..."

"பிளஸ் டூ படிச்ச திமிரு! அப்பவே படிச்ச பொண்ணு வேணாம்னு சொன்னேனே, கேட்டானா?"

"எங்க வூடா இருந்தா இந்நேரம் அத்தா வூட்டுக்கு பஸ் ஏத்தியிருப்போம்" என்று எதிர்வீட்டுக்காரி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

அப்போதுதான் மதார் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பாத்துக்கிட்டு நிக்கிறியேடா! நாலு அறை விடு!"

"நீங்க போங்கம்மா. நான் கேட்டுக்கிறேன்" என்று கதவைச் சாத்தினான் மதார். யாரும் நகரவில்லை. அறை விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே மதார் கிசுகிசுத்தான். "கழட்டினது நான். திருப்பி மாட்டத் தெரியாம கடைத்தெருவுக்கு ஓடினதும் நான். நீ ஏன் பழியை ஏத்துக்கிட்டே?"

"இன்ஜினீயருக்கே மாட்டத் தெரியலைன்னா ஊரு சிரிக்காதா மச்சான்? எனக்குத் தெரியலைன்னா திட்டோட போயிடும்."

மதாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் இன்ஜினீயர் இல்லேன்னு... உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்தன்னைக்கே. உங்க கையெல்லாம் காய்ச்சுப் போயிருந்துச்சே."

"அங்க கம்ப்யூட்டர் கடையில பெட்டி தூக்குறேன் ஜைனம்பு. திரும்பிப் போனதும் பரீட்சை வெப்பாங்க. உள்ள இருக்கிற பாகமெல்லாம் சொல்லிட்டா ரிப்பேர் வேலை. இல்லேன்னா விசா இந்த வருஷத்தோட சரி. இதுகூட வந்த இங்கிலீஷ் புத்தகமும் எனக்குப் புரியல."

"நான் படிச்சுட்டேன். உக்காருங்க. இந்தப் பெரிய கறுப்பு ஐ.சி.தான் மூளை, ப்ராசஸர். இது ரோம், கரண்ட் போனாலும் மறக்காது. இது ரேம், கரண்ட் போனா அத்தனையும் மறந்துடும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க."

சொல்ல வாயெடுத்தவனைக் கையமர்த்தினாள்.

"அதுக்கு முன்னாடி என்னைக் கொஞ்சம் சத்தமா திட்டிடுங்க மச்சான். மாமி வெளிய காத்துக்கிட்டிருக்காங்க."