டிஃபர்

உருண்டைகளை மாவில் முக்கி எண்ணெயில் விட்டாள். மூன்று மூன்றாகச் சேர்த்து விட்டால்தான் முந்திரிக்கொத்து கொத்தாக நிற்கும்.

பலகாரமெல்லாம் கொழுந்தன் பெண்டாட்டி பெனிட்டா லண்டனுக்குக் கொண்டுபோகத்தான். எத்தனை நாள் வைத்தாலும் கெடாதாம்.

அடுப்பைவிட இவள் வயிறுதான் அதிகம் எரிந்தது.

இரண்டு பேரும் நர்ஸ். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். இப்போது பெனிட்டாவுக்கு வேலை கொடுத்திருக்கும் அதே லண்டன் ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் இவளையும் அழைத்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

முதல் தடவை வயிற்றில் பிள்ளை.

அடுத்த தடவை மாமிக்கு முட்டில் ஆபரேஷன்.

அதற்கடுத்து கொழுந்தனுக்குக் கல்யாணம். "மூத்தவ இல்லாம பந்தலா? வேல எங்க ஓடியா போவுது?" என்றாள் மாமி. அந்தப் பந்தலில் நின்று பெனிட்டாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டது இவள்தான்.

பிறகு ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கவில்லை. வேலை ஓடித்தான் போயிருந்தது.

காலையில் பெனிட்டா புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். நாகர்கோவில் வெயிலில் ஸ்வெட்டர். மாமிக்கோ பெருமை பிடிபடவில்லை. "எங்க மருமவ லண்டன் போறா" என்று மீன்காரியிடம்கூடச் சொன்னாள்.

எங்க மருமவ. அப்படியானால் இவள் யாராம்?

கரண்டியை வைக்கிற சாக்கில் நங்கென்று போட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமி கோயிலுக்குப் போயிருந்தாள்.

ஹாலில் போன் அடித்தது. "எஸ் மேம், எஸ் மேம்" என்று பெனிட்டாவின் குரல் கேட்டது. அவள் கெட்டிக்காரிதான். எவ்வளவு மெலிந்த நரம்பிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள். இங்கிலீஷ் பரீட்சையிலும் எப்படியோ கரையேறிவிட்டாள். போனில் வெள்ளைக்காரி பேசினால் மட்டும் உதறல்.

அடுப்பங்கரைக்கு ஓடிவந்தாள். போனை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

"எக்கா, டிஃபர் பண்ணுதியான்னு கேக்கா. எஸ்ஸு சொல்லணுமா, நோ சொல்லணுமா?"

டிஃபர்.

அந்த வார்த்தைக்கு இவள் அகராதி பார்க்க வேண்டியதில்லை. மூன்று தடவை தன் வாயால் சொன்ன வார்த்தை. தள்ளிவைப்பதற்கும் அதைச் சொல்வார்கள். பெரியவர்கள் சொன்னால் சரி என்று அடங்கிப்போவதற்கும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் இவளையே உதாரணம் காட்டலாம்.

மிருதுவாகத்தான் கேட்பார்கள். உங்கள் வசதிப்படி என்பார்கள். எஸ் என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

அவ்வளவுதான். ஒரு சத்தமும் இருக்காது.

பெனிட்டா இவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. மூத்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற முகம்.

பழி இவள்மேல் விழாது. இங்கிலீஷ் தெரியாத பிள்ளை, என்னவோ உளறிவிட்டாள் என்பார்கள். பெட்டியைப் பிரிப்பார்கள். ஸ்வெட்டர் பீரோவுக்குள் போகும். மாமி மீன்காரியிடம் மீனைப் பற்றி மட்டும் பேசுவாள்.

இரண்டு மருமகள்களும் இதே அடுப்பங்கரையில், இதே புகையில் நிற்பார்கள். அந்த நினைப்பே இனித்தது.

"எஸ்ஸுன்னு சொல்லு."

பெனிட்டா தலையாட்டினாள். கையை எடுத்தாள். போனைக் காதுக்குக் கொண்டுபோனாள். சொல்லிப் பார்ப்பதுபோல உதடு ஒருமுறை அசைந்தது.

"மேம்..."

இவள் மாவுக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

"நோ!" வீடு முழுக்கக் கேட்டது அது. "ஷீ வில் நாட் டிஃபர். ஷீ இஸ் கமிங்."

ஆர் யூ ஷ்யூர் என்று கேட்டாள் அந்தப் பக்கத்துப் பெண். மூன்று தடவையும் இவளிடமும் கேட்டார்கள்.

"ஷ்யூர்" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதன் முகமெல்லாம் மாவு. பெனிட்டா அதைத் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எக்கா, மொதல்ல எஸ்ஸுன்னுல்லா சொன்னீய?"

எண்ணெயில் கிடந்த கொத்தைத் திருப்பிவிட்டாள்.

"பழக்கதோஷம்" என்றாள்.