மரத்தில் இருந்த செடி

இடஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலால் பஸ் இல்லை. ரோட்டில் வெட்டிப்போட்ட மரங்களைத் தாண்டி, கல்வராயன் மலையிலிருந்து தேன் விற்க நடந்தே வந்த மாயவன், இளவரசன் வீட்டு வாசலில் இருந்த பூந்தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டான்.

"மரத்துல ஒட்டி வளர்ற பூச்செடியாச்சே! இதப் போயி மண்ணுல நட்டு வெச்சிக்கினு இருக்கீங்க?"

"எரு போட்டு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன். அப்பவும் வேர் அழுகுது. இன்னா பண்றது?"

"வேருக்குக் காத்து வேணுங்க. நெழல்ல ஒரு மரத்துல கட்டி, லேசா தண்ணி தெளிங்க, போதும். ஆமா, இது எங்க கெடச்சுது?"

"ரோட்டுல குறுக்கே கெடக்குற மாமரத்துல."

"அந்த மரமா? எந்தப் பாவி வெட்டினானோ!"

இளவரசன் செடியைப் பக்குவமாக வெளியே எடுத்தான்.

"நான்தான். மரம் சாஞ்சப்புறந்தான் பூ கண்ணுல பட்டுது."