லெயோந்தீன் இறங்கும் மேடு

மோட்டார் வண்டி என்று ஒன்று வந்தே சில வருஷம்தான் ஆகிறது; ருவான் நகருக்குப் போகும் சாலையில் பெட்ரோல் என் மருந்துக்கடையில்தான் கிடைக்கும். வாசலிலேயே மேடு தொடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோலுக்கு வரும் அன்செல்மின் மோட்டார் வண்டியில் முன்னிருக்கை ஓட்டுபவரைப் பார்த்தபடி இருக்கும். அதில் அவர் மனைவி லெயோந்தீன் வருவாள். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வண்டி மேடேறாது. அவள் இறங்கி நடப்பாள்.

“மேடு வந்தா என்னை இறக்கி விட்டுடறீங்க. ஒருநாள் திரும்ப ஏறவே மாட்டேன், பாத்துக்குங்க!” என்பாள்.

குளிர்காலத்தில் அவள் காய்ச்சலில் இறந்தாள். அதன்பிறகும் வண்டி மேட்டடியில் திணறி நின்றது.

“ஒத்த ஆளுக்கு ஏறணுமே, முசியே அன்செல்ம்,” என்றேன்.

அவர் காலி இருக்கையைப் பார்த்து, “கொஞ்சம் இறங்கிக்க, லெயோந்தீன்,” என்றார். அமிழ்ந்திருந்த இருக்கை மேலெழுந்தது. வண்டி ஏறியது. உச்சியில் சற்று நின்று, முன்னிருக்கை மறுபடி அமிழ்ந்ததும் கிளம்பினார். நான் மருந்து விற்பவன், பேய்க்கதை எனக்கு ஆகாது. ஆனால் ஞாயிறுதோறும் இதைப் பார்த்தேன்.

நேற்று வண்டி நிற்காமல் ஒரே மூச்சில் ஏறிவிட்டது. உச்சியில் அவர் எதிர் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு திரும்பி, ஆளில்லாத சாலையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

“மெதுவாவே வா, லெயோந்தீன். அவசரமில்ல.”

இருட்டும்வரை அவர் இன்ஜினை அணைக்கவில்லை.