இல்லாத துளை

அழகர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்சக்கரத்து டியூபை உருவியபோது, அவன் மனைவி கருப்பம்மாவின் கை தன்னையறியாமல் முந்தானை முடிச்சைப் பற்றியது.

முடிச்சுக்குள் ஒரு ரப்பர்த் துண்டு இருந்தது. நெல்மணியிலும் சற்றே நீளம்.

வால்வின் ஊசிமேல் அணிவிக்கும் மெல்லிய குழல் அது. அஃதின்றேல் அடித்த காற்று அடித்த வழியே திரும்பிவிடும். விடியுமுன் அதைக் கழற்றியவள் அவளே.

தேயிலைத் தோட்ட லயத்து வீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் மகள் பாக்கியலெட்சுமி துணிமூட்டையை மடியிலேற்றி அமர்ந்திருந்தாள். பத்து வயது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை.

காலை ரயிலில் அவளைக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்புவதாக, அழகரின் அண்ணன் மாரிசாமி வாக்குக் கொடுத்திருந்தார். அழைத்துப்போகும் அம்மாள் பதுளையிலிருந்து அதே ரயிலில் வருகிறாள். தெமோதரை ஸ்டேஷனில் பிள்ளை நிற்காவிட்டால், வேறொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்வாளாம்.

தகப்பனற்ற தம்பியைத் தோளிற் சுமந்து வளர்த்தவர் மாரிசாமி. அவர் சொல்லுக்கு மறுசொல் அழகரின் வாயில் ஒருநாளும் பிறந்ததில்லை.

தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாளே வேலை. கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மா நேற்றோடு தீர்ந்தது. அங்கே மூன்று வேளையும் சோறு என்றார் மாரிசாமி.

மாரிசாமி வாசலில் நிலைகொள்ளாமல் நடந்தார். இப்பொழுதே நடந்தால் ஸ்டேஷனுக்குள்ள ஒரு மைலையும் கடந்து ரயிலைப் பிடித்துவிடலாம் என்றார்.

"எதுக்கண்ணே புள்ளய நடக்க வைக்கணும்? ஒட்டுப் போட்டா அஞ்சு நிமிசம். எறக்கத்துல பறந்துடலாம்."

அந்த ஐந்து நிமிடம் கருப்பம்மாவின் நெஞ்சில் முள்ளாய் இறங்கியது. பெற்ற பிள்ளையை அனுப்புவதற்கு இத்தனை விரைவா?

அவன் காற்றடித்தான். வால்வின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, தாம்பாளத்து நீரில் டியூபைச் சிறிது சிறிதாக அமிழ்த்தினான்.

பத்து லயத்துச் சைக்கிள்களையும் பழுது பார்ப்பவன் அவன். அந்த விரலை எடுத்துவிட்டு ஒரு கணம் வால்வைப் பார்த்தால் போதும், எல்லாம் வெளிப்பட்டுவிடும். அவள் அந்த விரலையே பார்த்திருந்தாள்.

டியூப் ஒரு சுற்று வந்தது. குமிழி எழவில்லை.

இரண்டாம் சுற்றில் அவன் கை நின்றது. "இந்தா, இங்கதான்" என்றான்.

கருப்பம்மா திகைத்தாள். துளையே இல்லாத டியூபில் எந்தத் துளையைக் கண்டான்?

கதிர்காமத்தானே, நீயா ஒரு முள்ளை அனுப்பினாய் என்று உள்ளத்துள் கைகுவித்தாள். வேலேந்திய கையின் கருணை நெருஞ்சி முள்ளாகவும் வரலாமே.

உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் பசை தடவி, அது காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தான் அழகர்.

"டேய், சைக்கிள் ரோதைக்கு ஒட்டுப் போடுறியா, சாமிக்குச் சந்தனம் சாத்துறியா?" என்றார் மாரிசாமி.

அழகர் சிரித்தான். இதோ ஆயிற்று என்றான். ஒட்டை வைத்து அழுத்திவிட்டு மீண்டும் காற்றடித்தான். மீண்டும் கட்டைவிரல். மீண்டும் நீர்.

அப்போது மலையடியிலிருந்து ரயில் ஊதியது.

தெமோதரையில் ரயில் முதலில் ஸ்டேஷனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்தில் நுழையும். பிறகு குன்றைச் சுற்றிக்கொண்டு மேலேறி, அதே ஸ்டேஷனுக்கு வந்து சேரும். முதல் ஊதலுக்கும் அடுத்ததற்கும் இடையே நடப்பவனுக்கு வழியில்லை. சைக்கிளுக்கு உண்டு.

பாக்கியலெட்சுமி எழுந்து நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மூட்டையின் முடிச்சை மட்டும் ஒருமுறை இறுக்கினாள்.

சக்கரம் இக்கணமே பூட்டப்பட்டால் பிள்ளை போய்விடும். பூட்டப்படாவிட்டால் இரவு அடுப்பில் எதை வைப்பது? இரண்டில் எதற்காக வேண்டிக்கொள்வது என்பது கருப்பம்மாவுக்கே விளங்கவில்லை.

"இன்னொரு ஓட்டை இருக்குண்ணே" என்றான் அழகர்.

மாரிசாமி தலையிலடித்துக்கொண்டார். தொழில் தெரிந்தவன் என்று நம்பி ஏமாந்தேனே என்று பொரிந்தார்.

குன்றின்மேல் ரயில் இரண்டாம் முறை ஊதிற்று. சற்று நின்றது. பின்பு அதன் ஓசை எல்ல ஊர்ப் பக்கமாகத் தேய்ந்து போயிற்று.

இனித் தன்னை எதற்கும் கேட்க வேண்டாமென்று சொல்லி, மாரிசாமி துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு இறங்கினார். தேயிலைச் சரிவில் அவருடைய தலை மறையும்வரை அழகர் நீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறைந்தபின் கட்டைவிரலை எடுத்தான்.

அடைபட்ட காற்று முழுவதும் சீறி வெளியேறியது.

நிமிராமலே அவன் ஈரக்கையை மனைவியின் பக்கமாக நீட்டினான்.

"முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கியே, அதக் குடு. புள்ளயப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்துடுறேன்."

வியர்வையில் ஊறி இறுகிய முடிச்சு அவிழவில்லை. கருப்பம்மா அதைப் பல்லாற் கடித்து இழுத்தாள்.