காய்ந்த அட்டை

விடுதிக் குளியலறையின் கண்ணாடி ஆவியில் வெளுத்துக் கிடக்கிறது. உப்புக் கரைத்த சுடுதண்ணீர்த் தொட்டியிலிருந்து எழுந்துவந்த குத்துச்சண்டைக்காரன், கனத்த துண்டுகளைப் போர்த்திக்கொண்டு தரையில் குந்தியிருக்கிறான். நாளைய சண்டைக்கு இன்னும் சற்று நேரத்தில் எடை பார்ப்பார்கள். வரம்புக்கு மேலே கால் கிலோ இறங்க மாட்டேன் என்று நிற்கிறது. அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் அக்கா பின்னால் மண்டியிட்டுத் துண்டை விலக்கி, அறைக்கதவைத் திறக்கும் பிளாஸ்டிக் அட்டையால் அவன் முதுகை வழிக்கிறாள். வழிக்க வழிக்கத்தான் அடுத்த வியர்வை ஊறும். தவித்துப்போய்க் குடித்துவிடுவானோ என்று, கைக்குச் சுற்றும் டேப்பால் குழாயின் வாயை அவளே இறுக்கி அடைத்திருக்கிறாள். "வருதாக்கா?" அவன் குரல் காகிதம் உரசுவது போலிருக்கிறது. "வரும்டா. பேசாம இரு." அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். விளிம்பு காய்ந்திருக்கிறது. மறுபடியும் அழுத்தி வழிக்கிறாள். தோலில் வெள்ளைக் கோடு விழுகிறதே தவிர ஈரமில்லை. முதுகு தோசைக்கல்லாய்ச் சுடுகிறது. சூட்டிலும் வியர்க்காத உடம்பில் இனி எடுக்க ஒன்றுமில்லை என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வெளிக்கதவை யாரோ தட்டுகிறார்கள். "கெளம்பலாமா?" அவள் குனிந்து இன்னொரு முறை வழிக்கிறாள். அவன் தோளில் ஒரு சொட்டு விழுந்து உருள்கிறது. "பாத்தியா, வந்துடுச்சு!" வெடித்த உதட்டோடு தம்பி சிரிக்கிறான். அவள் மோவாயில் அடுத்த சொட்டு தொங்குகிறது. அட்டையைக் கீழே போட்டுவிட்டு எட்டி, குழாயில் டேப்பின் முனையை நகத்தால் தேடுகிறாள். அகப்பட மாட்டேன் என்கிறது.