மூன்று முறை விழுந்த தட்டு

சமரசம் முடிந்ததும் எடுக்கும் படத்தில் சமரசர் இருப்பார். வக்கீல்கள் இருப்பார்கள். நேற்றுவரை முகம் பார்க்காத இரு தரப்பும் பல் தெரிய நிற்கும். தண்ணீர் கொடுத்தவள் மட்டும் இருக்க மாட்டாள். செல்போனை அவள் கையில் கொடுத்துத்தான் படமே எடுக்கச் சொல்வார்கள். அவள் பெயர் பாஞ்சாலை. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவளை வேலையைவிட்டு நிறுத்தச் சொல்வது என்று ராஜமாணிக்கம் முடிவு செய்தது, தட்டு முதல் முறை விழுந்தபோதே.

ராஜமாணிக்கம் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர். வேங்கிக்காலில் இரண்டு மாடி வீடு கட்டியவர். உச்சியில் அவர் ஏற்றிவைத்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு உண்ணாமுலை டீச்சரின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தீபம் ஏற்றும் மலையுச்சியைக் கச்சிதமாக மறைத்தது. டீச்சர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு மாதக்கணக்கில் இழுத்தது; கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள் இருக்கையில் கோர்ட் இருவரையும் ஹைமவதியிடம் அனுப்பியது.

ஹைமவதி இருபத்தாறு ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் சமரசர். வக்கீல்களை வெளியே உட்காரவைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நான் இப்ப ஜட்ஜ் இல்லீங்க. பேச வேண்டியது நீங்க. முடிவும் உங்களுதுதான்."

டீச்சர் பேசினார். மலை தெரிகிறதென்றுதான் அந்த மனையை வாங்கியதாகச் சொன்னார். பேச்சு நீண்டது. ஹைமவதி நாற்காலியில் நிமிர்ந்தார். குரல் மாறியது.

"டீச்சர், மலையைப் பார்க்குற உரிமைன்னு சட்டத்துல ஒண்ணு—"

ணங்கென்று எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தது. டம்ளர்கள் உருண்டன.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றாள் பாஞ்சாலை.

தனக்குச் சாதகமாக வரவிருந்த வாக்கியம் பாதியில் செத்துப்போனதை ராஜமாணிக்கம் வருத்தத்துடன் பார்த்தார். ஹைமவதி அதைத் தொடரவே இல்லை.

பத்து நிமிடம் கழித்து ராஜமாணிக்கம் பக்கம் திரும்பினார்.

"ஏங்க ராஜமாணிக்கம், அவ்ளோ பெரிய மாடியில வேற இடமே கெடைக்கலியா? நீங்க செஞ்சது சுத்தமா—"

மறுபடியும் தட்டு. இம்முறை ஒரு டம்ளர் தண்ணீர் ராஜமாணிக்கத்தின் வேட்டியில்.

"கையில எலும்பு இருக்குதா, இல்லியாம்மா உனக்கு?" என்றார் அவர்.

"இருக்குதுங்க," என்றாள் பாஞ்சாலை பணிவாக.

ஈர வேட்டி கோபத்தைக் கிளப்பியது. அவர் டீச்சர் பக்கம் பாய்ந்தார்.

"மலையுமில்ல, தீபமுமில்ல ஜட்ஜம்மா. இவங்களுக்கு வயித்தெரிச்சல். என் வீடு ரெண்டு மாடி, இவங்களுது ஒண்ணு. இப்படிப்பட்டவங்களே—"

மூன்றாவது முறை.

ஒரு டம்ளர் மேசைக்கடியில் ஓடியது. டீச்சரும் ராஜமாணிக்கமும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். குனிந்த வாக்கிலேயே டீச்சர் சொன்னார்:

"டேங்க்கை எடுக்கவாங்க சொன்னேன்? நாலடி தள்ளி வைங்கன்னுதான் கேட்டேன்."

"நோட்டீஸ்ல மொத்தமா இடிக்கணும்னு இருந்துச்சே."

"அது வக்கீல் எழுதுனதுங்க."

"நாலடிதானா? மேஸ்திரிக்கு அரை நாள் வேலைங்க அது."

ஒன்பது மாத வழக்கு மேசைக்கடியில் முடிந்தது. ஒப்பந்தம் எழுதப்பட்டது. ராஜமாணிக்கம் பேனாவைத் திறந்து, மூடினார்.

"ஒண்ணு மட்டும் ஜட்ஜம்மா. இந்தப் பொண்ணை இன்னையோட நிறுத்துறேன்னு சொல்லுங்க. அப்பதான் கையெழுத்து. நாலு பேர் வந்து போற எடம். அடக்கம் வேணாமா?"

பாஞ்சாலை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க கீழ்பென்னாத்தூர்தாங்க அவ," என்றார் டீச்சர். "வெளிய காத்திருந்தப்ப பேசிட்டிருந்தேன். அந்த வீட்டுக்கு இவ சம்பளம் ஒண்ணுதான் வருது."

"அதுக்கு? சம்பளம் தட்டைப் போடுறதுக்கா குடுக்குறாங்க?"

"அதுக்குந்தான்," என்றார் ஹைமவதி.

அவர் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார்.

"இருபத்தாறு வருஷம் தீர்ப்பு சொல்லியே பழகுன வாய் இது. சமரசர் தீர்ப்பு சொல்லக் கூடாது. எனக்கே தெரியாம சொல்லிடுறேன். ஆரம்பத்துல நாலு கேஸை இப்படித்தான் பேசிக் கெடுத்தேன். அதனால, நான் தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சா உடனே தட்டைப் போட்டுடுன்னு நான்தான் பாஞ்சாலைகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். இன்னைக்குப் போடாம விட்டிருந்தா, மொதல்ல டீச்சர் எழுந்து போயிருப்பாங்க. அடுத்து நீங்க."

ஹைமவதிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆனா நான் வாயை விட்டது ரெண்டு தடவைதானே? மூணாவது ஏன் போட்ட?"

பாஞ்சாலை தரையைப் பார்த்தாள். "மூணாவது தீர்ப்பு நீங்க சொல்லலீங்கம்மா. ஐயா சொல்ல ஆரம்பிச்சாரு."

முதலில் சிரித்தது டீச்சர். ராஜமாணிக்கம் தன் வேட்டியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

படம் எடுக்க வழக்கம்போல் பாஞ்சாலையிடம் செல்போனை நீட்டினார்கள். ஹைமவதி அதை வாங்கிக்கொண்டார்.

"நீ போய் நடுவுல நில்லு. நான் எடுக்கிறேன்."

தொட்டி நகர்ந்தது, அந்த ஆண்டு தீபம் இரண்டு வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் தெரிந்தது. பாஞ்சாலை மறு ஆண்டு சமரசப் பயிற்சியை முடித்தார். இப்போது கீழ்பென்னாத்தூரில், ராஜமாணிக்கம் தம் மண்டியின் முன்னறையில் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில், வாரம் இரண்டு நாள் ஊர்ச் சச்சரவுகளைப் பேசித் தீர்க்கிறார். அங்கே தட்டைப் போட ஆள் யாரும் இல்லை. அவருக்கு இதுவரை தேவைப்படவும் இல்லை.