கர்னல் கொடுத்த துப்பாக்கி

எந்தக் கர்னல் என்று லியாகத் அலி கேட்கவே இல்லை.

கேட்டால் கதை வரும். யானைக்கவுனியில் முப்பது வருஷமாகத் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருப்பவருக்கு அந்தக் கதை தலைகீழ்ப் பாடம். பர்மாக் காடு, அடைமழை, குண்டடிபட்ட வெள்ளைக்காரன், அவனை முதுகில் சுமந்து வந்த நம்ம ஆள். கப்பல் ஏறும் முன் அவன் இடுப்புத் துப்பாக்கியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போவான். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

பங்களாதேஷ் சண்டையில் டாக்கா விழுந்த வாரம் அது. ரேடியோவில் சண்டைச் செய்தி கேட்டுக் கேட்டு, ராயபுரத்து மாஜி சிப்பாய்களுக்கெல்லாம் மீசை துடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த வாரத்தில் மட்டும் இது மூன்றாவது கர்னல்.

இந்த லியோனார்ட், பட்டாளத்திலிருந்து திரும்பி ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, வீட்டில் அவரும் மனைவி சிலுவையம்மாளும்தான். லியாகத் அலியை ராயபுரத்து வீட்டுக்கே வரவழைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, துப்பாக்கியை ஏதோ சர்ச்சில் வைக்கும் திருப்பண்டம் மாதிரி நடுவில் வைத்திருந்தார்.

இருபத்தாறு வருஷம் லைசென்ஸ் இல்லாமல் பெட்டிக்குள் கிடந்த சாமான். இப்போது முறைப்படி லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். யார் கொடுத்தது, என்ன நிலையில் இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் கிடைக்கும். லைசென்ஸ் கிடைத்தால் கடையில் தோட்டா வாங்கலாம்.

லியாகத் அலி பூதக்கண்ணாடியை எடுத்தார்.

குழலில் துரு. பிடியில் விரிசல். மேலெல்லாம் பிசுபிசுப்பு. மோந்து பார்த்தார், தேங்காயெண்ணெய். துப்பாக்கிக்குத் தலைவாரிப் பூ வைக்காததுதான் பாக்கி. இந்த லட்சணத்தில் இவர் ஜப்பான்காரனை ஓட ஓட விரட்டினாராம்.

அடுத்தது நம்பர். பட்டாளத்து டிப்போவில் கழித்துப் போட்ட குப்பையில் பொறுக்கி ஒட்டவைத்த துப்பாக்கி என்றால், குழலில் ஒரு நம்பர் இருக்கும், தோட்டா உருளையில் இன்னொன்று, சட்டத்தில் வேறொன்று இருக்கும். பொய் அங்கேதான் பல்லிளிக்கும்.

பல்லிளிக்கவில்லை. மூன்று இடத்திலும் ஒரே நம்பர்.

லியோனார்ட் பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கர்னலின் கையெழுத்து, பட்டாளத்து முத்திரை, அதே நம்பர். லியாகத் அலி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எல்லாம் அசல். முதுகில் சுமந்ததுகூட நிஜம்தான்.

அவருக்கு எரிச்சலாக இருந்தது. காறித் துப்ப வாயைத் திறந்தவனை முழுங்கச் சொன்ன மாதிரி.

துப்பாக்கியை மடித்துத் திறந்தார். ஆறு தோட்டாக்கள் துணிமேல் விழுந்து உருண்டன. தோட்டா நிரப்பிய துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிற வீரரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சண்டை முடிந்த பிறகு விசையைத் தொட்டதே இல்லை என்று லியோனார்ட் மாதா மேல் ஆணையிட்டார்.

லியாகத் அலி தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். பிறகு, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியைப் பார்த்தார். யாரோ அதை அரத்தால் ராவியிருந்தார்கள். தொழில் தெரிந்த கை இல்லை. கீறல்கள் நாலா பக்கமும் ஓடியிருந்தன. முழுசாக ராவவும் தெரியவில்லை, பாதி ஊசி மிச்சம் இருந்தது.

சிலுவையம்மாள் டீ கொண்டுவந்தார். குழல் நோக்கிய பக்கம் வராமல், மேசையைச் சுற்றி வந்து வைத்தார். அவருக்குப் பின்னால், அடுப்படி ஜன்னலில், அரிவாள்மனை தீட்டும் அரம் கிடந்தது.

"துப்பாக்கி ஷோக்காத்தான் கீது பாய், தோட்டாதான் பழ்சாப் பூட்ச்சி," என்றார் லியோனார்ட். "லைசன்ஸ் மட்டும் வாங்கிக் குடு, புத்சா ஆறு வாங்கிப் போட்டுக்கறேன்."

பாதி ஊசிக்குப் புதுத் தோட்டா வெடித்தாலும் வெடிக்கும்.

லியாகத் அலி கண்ணாடியை மடித்து வைத்தார். முப்பது வருஷமாக எத்தனையோ பேருடைய பொய்யை முகத்துக்கு நேரே உடைத்தவர். வந்து சேர்ந்த ஒரே நிஜத்தின் முன்னால் உட்கார்ந்து, கூசாமல் பொய் சொன்னார்.

"இது டிப்போவுல களவு போன மாலு, லியோனார்ட்டு. இந்த நம்பர போலீஸு இன்னும் தேடிகினு கீது. கர்னலு உன் தலையில கட்டிட்டுப் பூட்டான்."

லியோனார்டின் முகம் அப்படியே தொங்கிப்போனது. கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். அது வெறும் காகிதம் என்றார் லியாகத் அலி. பட்டாளத்தில் கூட இருந்து மறைந்துபோன தோஸ்துகளின் பெயர்களை லியோனார்ட் சாட்சிக்குச் சொன்னார். அவர்களும் திருட்டு மாலுக்குக் கூட்டு என்று பதில் வந்தது. துப்பாக்கியைத் தானே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவதாகவும், யார் வீட்டில் எடுத்தது என்று சொல்லமாட்டேன் என்றும், அதற்குமேல் தயவு எதிர்பார்க்க வேண்டாமென்றும் சொல்லி முடித்தார்.

கிழவர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். வாழ்க்கையில் ஒரே ஒருநாள் அவர் பெரிய மனுஷனாக இருந்தார், அதையும் பிடுங்கியாயிற்று.

சிலுவையம்மாள் அழவில்லை. ஒரு மஞ்சள் பை கொண்டுவந்து துப்பாக்கியையும் தோட்டாக்களையும் போட்டார். புருஷன் கையிலிருந்த கடிதத்தை மெல்ல உருவினார்.

"இத்தயும் எட்துகினு பூடுங்க பாய். வேற யார்கிட்டயாவது காட்டப் போறாரு."

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது லியாகத் அலி பைக்குள் கையை விட்டு, தோட்டாக்களை உள்ளங்கையில் எடுத்துவைத்து மறுபடியும் பார்த்தார். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

சுடாத தோட்டாவின் அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். இந்த ஆறிலும் நடுவில் ஒரு சின்னக் குழி இருந்தது. ராவிய ஊசி குத்திப் பார்த்து, வெடிக்க வைக்க முடியாமல் போன தடம்.

ஐந்து குழிகள் பச்சை பூத்துப் பழசாகிவிட்டிருந்தன. ஆறாவது புத்தம் புதிதாகப் பளபளத்தது.